மூங்கில் தொட்ட இடம்

துவாக்குடியில் பாய்லர் தயார்.
பதினெட்டு டன்.
தை நெல் வருவதற்குள்
புதுவயலில் இறங்கியாக வேண்டும்.

முதல் புரோக்கர் போனிலேயே முடித்தான்.
"நாப்பத்தஞ்சுதான்க்கா. அட்வான்ஸ மட்டும்
இன்னைக்கே போட்டுவிடுங்க."
உயரம் எவ்வளவென்று கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
பெண்ணைப் பார்க்காமலே
தாலிக்குப் பவுன் எடுக்கிறவனிடம்
என்னத்தைச் சொல்வது.

இரண்டாமவருக்குக் காரைக்குடியில் ஏசி அறை.
மேசையில் பொம்மை ட்ரெய்லர்,
சக்கரம்கூடச் சுற்றியது.
"எல்லாம் நம்ம வண்டிதான்" என்றார்.
வண்டி நம்பர் கேட்டேன்.
டீ வந்தது.

அபுதாகிர் மொபெட்டில் வந்தார்,
தோளில் ஒரு மூங்கில் கழி,
நுனியில் சிவப்புத் துணி.
"வண்டி நாமக்கல்காரருது, லோபெட்டு.
என் கமிஷன் ஆறு பர்சன்ட்,
பில்லுலயே தனியாப் போட்டிருக்கேன்."
மொத்தம் அறுபத்திரண்டு.
பிறகு அவர் கேட்கத் தொடங்கினார்:
தூக்குற கொக்கி எந்தப் பக்கம்?
கனம் நடுவிலயா, வாய்ப்பக்கமா?
வழியில சரிஞ்சா
இன்சூரன்ஸ் யார் பேர்ல?
இரண்டுக்கு என்னிடம் பதில் இல்லை.
ஒன்றுக்கு, செய்தவர்களிடமே இல்லை.

இரண்டு ராத்திரி
ரோட்டை மூங்கிலால் தடவிக்கொண்டே வந்திருக்கிறார்.
செல்லில் ஒவ்வொன்றாய் விழுந்தது.
திருமயம் தாண்டிப் புளியங்கிளை: உரசும், பரவாயில்லை.
கோயில் வளைவு: புதுசாத் தார் போட்டதில்
நாலு அங்குலம் போச்சு,
டயரில் காற்று இறக்கணும்.
கண்டனூர் ஒயர்: ஈபிக்கு மனு கொடுத்தாச்சு.

மூன்றாம் நாள் காலையில்
மில் வாசலில் மொபெட்டை நிறுத்தினார்.
கழியை நிமிர்த்தினார்.
டங்.
போன வருஷம் நான் வைத்த இரும்பு வளைவு.
'சிகப்பி மாடர்ன் ரைஸ் மில்',
லைட்டோடு சேர்த்து ஒரு லட்சத்துப் பத்து.
என் பெயரின் காலில்
சிவப்புத் துணி ஆடிக்கொண்டிருந்தது.
அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்,
"நூறு கிலோமீட்டர்ல
ஆகவே ஆகாதது இது ஒண்ணுதான்க்கா."

அவருக்கு அட்வான்ஸ் அனுப்பிவிட்டு
வெல்டரைக் கூப்பிட்டேன்.

பாய்லர் வந்த இரவு
கழியைத் தூக்கிப் பிடித்தபடி
பின்னாலேயே நடந்து வந்தார் அபுதாகிர்.
டிரைவர் வேறெங்கும் பார்க்கவில்லை,
அந்தத் துணியைத் தவிர.
உமிக்குவியல் பக்கத்தில்
மல்லாந்து கிடந்தது என் பெயர்.
அதன்மேல் ஹெட்லைட் ஒரு தடவை ஏறி இறங்கியது.

விடிந்ததும் வெல்டர் கேட்டான்,
"போர்டை எப்பங்க மாட்டலாம்?"

இருப்பா.
இன்னும் டிரையர் வர வேண்டியிருக்கு.