இரண்டு புள்ளி

ஹத்தா தாண்டி, வஜாஜா சாவடி.
பஸ்ஸின் வயிற்றைத் திறந்து
பைகளை வெயிலில் இறக்குகிறார்கள்.
சிக்கந்தர் பையில் அறுபது போன் உறை.
"தாஜிர்?"
"ஆமா சார், வியாபாரம்."
வரி. முத்திரை. ரசீது.

என் பையில் நாற்பத்திரண்டு நைட்டி.
எல்லாம் உன்னுடையதா என்று சைகையில் கேட்டு
பதிலுக்கு நிற்காமல்
அவரே ஜிப்பை இழுத்து மூடினார்.

நாலு வருஷமாக இப்படித்தான்.
நாற்பத்திரண்டு நைட்டி மாற்றி உடுத்தும் ஒருத்தி
மாதம் இருமுறை
மஸ்கட்டில் புருஷனைப் பார்க்கப் போகிறாள் என்பது
அந்தச் சாவடியின் நம்பிக்கை.
வரி மிச்சம்தானே எஸ்கலின், வாயைத் திறக்காதே
என்பான் சிக்கந்தர்.
மிச்சம்தான்.

ஆனால் நைஃப் சூக்கில் கோயாக்கா
அவன் ரசீதுக் கட்டைப் புரட்டிவிட்டு
மூன்று மாதத் தவணையில் சரக்கு கொடுக்கிறார்.
எனக்கு ரொக்கம்.

ரூவி பஸ் நிலைய பெஞ்சில்
செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவான் அவன்.
நான் ஆறு ரியால் கொடுத்து
ஒரு தாழ்ப்பாளை வாடகைக்கு எடுக்கிறேன்.
அந்த ஆறை எந்த நைட்டியின் விலையில் ஏற்ற?
வெள்ளிக்கிழமை இரண்டே மணி நேரம் வெளியே வந்து
"ஃப்ரில் வேணாங்கா,
போன் மறைக்கிற அளவுக்குப் பாக்கெட் இருக்கா"
என்று கேட்கிறவளிடமா?
அவளுக்கு நான் கடன் கொடுக்கிறேன்.
ரசீது கேட்டதில்லை.

போன செவ்வாய்
ஜிப்பை மூட வந்த கையைத் தடுத்தேன்.
"விக்கிறதுக்கு," என்றேன். "தாஜிர்."
டிரைவர் ஹாரன் அடித்தான்.
சிக்கந்தர் தலையில் கைவைத்தான்.
உள்ளேயிருந்து ஒரு பெண் அதிகாரியைக் கூட்டிவந்தார்கள்.
அவள் ஒன்றை உதறி விரித்து
பாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தாள்,
மணிக்கட்டு வரை போனது.
சிரிக்கவில்லை.

நாலரை ரியால்.
ஆறு நைட்டியின் லாபம்.
பெயருக்குப் பக்கத்தில் தாஜிர் என்று எழுதி
பேனாவை எடுத்தவள்
என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு
கடைசியில் ஒரு சின்ன வட்டம் சேர்த்தாள்,
அதன் தலையில் இரண்டு புள்ளி.
அப்படி எழுதினால்தான் பொம்பளை
என்று பஸ்ஸில் சிக்கந்தர் படித்துச் சொன்னான்.

கோயாக்கா ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
பொம்பளைக்குக் கடன் கொடுத்தால்
யாரிடம் போய்க் கேட்பது என்றார்.
என்னிடம் என்றேன்.
கால்குலேட்டரைத் தட்டினார், அழித்தார், தட்டினார்.
"ரெண்டு டஜன். ரசீது இங்கே இருக்கட்டும்."

நகல் எடுத்துத் தருகிறேன் என்று
கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.