இருபதாம் இலக்கம்

புறக்கோட்டைக் கடையிலும் 192.168.1,
தெகிவளைக் களஞ்சியத்திலும் அதே.
இரண்டிலும் பிரிண்டர் இருபதாம் இலக்கம்.

கடையிலிருந்து இருபதைக் கூப்பிட்டால்
கணினி தன் அறைக்குள்தான் தேடுகிறது,
ரவுட்டர் வாசலை மிதிப்பதேயில்லை.
அதன் பிழையென்றும் சொல்லமுடியாது.

பஸ்லியா இலக்கம் மாற்ற விடவில்லை:
"தராசு, கெமரா, பில் மெஷின்
எல்லாத்தையும் ஆரு திரும்ப எழுப்புறது?"

ஆகவே வாசலில் மட்டும் வேறு முகவரி.
கடை வெளியே வந்தால் 10.1.1,
களஞ்சியம் 10.2.1.
கடைசி இலக்கத்தை நான் தொடவில்லை.

பதினொன்றேகாலுக்குத் தெகிவளைக் காவலாளியின் அழைப்பு:
"ஒரு தாள் வந்திருக்கு, மிஸ்.
வெறும் எழுத்து."

மழை.
முச்சக்கரவண்டியில் ஏறி
"முதலாம் ஒழுங்கை" என்றேன்.
"எந்த முதலாம் ஒழுங்கை?"
"ரயில் கேற்றுக்குக் கடற்கரைப் பக்கம்."

வண்டி கிளம்பியது.