கேப்டன் யார் பேச்சைக் கேட்கிறான்

இரண்டு லிட்டர் சோடா பாட்டில்,
கழுத்துவரை தண்ணீர்.
உள்ளே ஓட்டையில்லாத ஒரு பேனா மூடி,
கொக்கியில் அப்பிய பச்சைக் களிமண்.
மிதக்க வேண்டும், ஆனால் மயிரிழையில்.
அந்த மயிரிழைக்கு
ஒரு ஞாயிறு முழுக்கப் போனது எனக்கு.
கிள்ளி ஒட்டி, ஒட்டிக் கிள்ளி,
பதினேழு முறை வாளியில் மூழ்கிச் செத்தான்.
அப்புறம்தான் கேப்டன் ஆனான்.

வில்லா ஃபாத்திமாவின் படிக்கட்டுச் சந்தில்
காட்சிக்கு ஐம்பது சென்டாவோ.
"கேப்டன், இறங்கு!"
வலது கை காற்றில் வட்டம் போடும்.
பாட்டிலைத் தாங்கும் இடது கை
ஒன்றும் தெரியாததுபோல் ஓர் அமுக்கு.
இறங்குவான்.
மூடிக்குள் இருக்கும் காற்று சுருங்க,
தண்ணீர் உள்ளே ஏற, கனம் கூட,
அவ்வளவுதான் சங்கதி.
"ஏறு!"
விரலைத் தளர்த்துவேன்.
ஏறுவான்.

தம்பி எட்சனுக்கு மட்டும் இலவசம்.
அவன் என் கைகளைப் பார்ப்பதேயில்லை.
கேப்டனின் முகத்தையே பார்ப்பான்.
முகம் என்று ஒன்றை
நான் வரையவேயில்லை.

வெள்ளிக்கிழமை, டான் ஃபவுஸ்தினோவின் மினிபஸ்.
கொரோய்கோவில் அம்மா காப்பி பறிக்கிறாள்,
பார்த்து எழுபத்தோரு நாள்.
எட்சன் மடியில் பாட்டில்,
என் மடியில் அவனுடைய வாந்திப் பை.

லா கும்ப்ரே. சாலையோரம் பனி.
டான் ஃபவுஸ்தினோ இறங்கி
முன்சக்கரத்துக்கும் மண்ணுக்கும்
இரண்டு சொட்டு ஆல்கஹால் ஊற்றினார்.
பாட்டில் விறைத்து உப்பியிருந்தது,
தட்டினால் டம் என்றது.
"கேப்டன் மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்கான்," என்றான் எட்சன்.
அப்புறம் இறக்கம்.
ஒரு வளைவு, இரண்டு வளைவு,
காது அடைத்துத் திறந்து அடைத்தது.

"அக்கா, ஏன் இறக்கின?"

நான் தொடவேயில்லை.
என் இரண்டு கையும் வாந்திப் பையில்.
அவன் விரல்கள் கழுத்தில், மூடிக்குக் கீழே.
பாட்டிலின் விலா தானாகவே உள்வாங்கியிருக்க
கேப்டன் அடியில் நிற்கிறான்.

"ஏறு," என்றான் எட்சன்.
ஏறவில்லை.
"நீ சொல்லு."
சொன்னேன்.
நாற்பத்திரண்டு காட்சி நடத்திய குரல்
தொண்டையிலேயே நின்றது.
வண்டிக்குள் யாருக்கும் தெரியாமல்
யாரோ அமுக்குகிறார்கள்,
எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில்,
என்னைவிட நன்றாக.

உந்துவாவியில் சோதனைச் சாவடி.
சட்டையில் லய்மே என்று தைத்த போலீஸ்காரர்
பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கினார்.
"இது என்ன?"
"கேப்டன்," என்றான் எட்சன்.
"எதுக்கு அடியில உட்கார்ந்திருக்கார்?"
அதைத்தான் சார் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
மூடியைத் திருகினார். சர்ரென்று ஓர் உறிஞ்சல்.
நசுங்கிய விலா டப்பென்று நிமிர்ந்தது.
மோந்து பார்த்தார். தண்ணீர்.
திருப்பிக் கொடுத்தார்.
கேப்டன் அப்போதும் அடியில்.
அப்படியானால் அமுக்கியது பாட்டில் மட்டுமில்லை.

அதன்பின் மூன்று மணிநேரம்
மேகம், அருவி, வாழை மரங்கள்.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
எட்சன் ஒருமுறை மட்டும்
"செத்துட்டானா?" என்றான்.

அம்மா எங்களை இறுக்கியதில்
பாட்டில் மூவருக்கும் நடுவில் நெரிந்து
கிர்ரென்றது.
அவள் உள்ளங்கை கருத்திருந்தது,
காப்பிப் பழத்தின் பிசின்.

குழாயடியில் தண்ணீரைக் கொட்டினேன்.
களிமண் கனமாகிவிட்டது என்று நினைத்து
கிள்ள நகத்தை வைத்தேன்.
கிள்ளுமுன், சும்மா ஒருமுறை,
மூடியை உதறி, கவிழ்த்து,
புதுத் தண்ணீரில் விட்டேன்.

மிதந்தான்.
ஒரு துளி களிமண் குறையாமல், அதே மயிரிழையில்.

குந்தியபடியே யோசித்தேன்.
கனத்தது களிமண் இல்லை.
வீட்டிலிருந்து அவன் கொண்டுவந்த காற்று
இங்கே சின்னதாகிவிட்டது.
இந்த ஊர்க் காற்றை நிரப்பியதும்
இந்த ஊர்க்காரனாகிவிட்டான்.

எட்சன் அம்மாவை இழுத்துவந்தான்.
"அம்மா, பாரு, அக்கா சொன்னா கேப்பான்."
பாட்டிலை அவனிடம் கொடுத்தேன்.
"நான் சொல்லி இல்ல. இங்க அமுக்கு. மெதுவா."
அமுக்கினான்.
இறங்கினான்.
எட்சன் முதல்முறையாகத் தன் கையைப் பார்த்தான்.
பிறகு என் கையை.
ஐம்பது சென்டாவோக்கள் ஒவ்வொன்றாக
அவன் முகத்தில் கூட்டப்படுவது தெரிந்தது.

"சரி, திரும்பிப் போறப்ப
மேலே என்ன ஆவான்?"

தெரியவில்லை.
செவ்வாய்க்கிழமை வண்டி.
பாட்டிலை என் மடியில் வைத்துக்கொள்வேன்,
கழுத்தில் மட்டும் பிடித்து.