தண்ணீர் லாரியின் வேகம்

செவ்வாய்க்கிழமைகளில் எர்மோஹெனெஸ் வருவான்,
வயேனாரிலிருந்து பன்னிரண்டாயிரம் லிட்டரோடு.
இந்த மலையில் கடைசியாக மழை பெய்த தேதி
யாருக்கும் நினைவில்லை.

"ராத்திரியெல்லாம் எதைப் பார்க்கிறாய்?" என்றான் இன்று,
குழாயைத் தொட்டியில் செருகிக்கொண்டே.

ஒரு நட்சத்திரத்தை. நம் சூரியன் மாதிரிதான்,
அதே மஞ்சள், அதே நடுவயது.
கொஞ்சம் நம் பக்கம் வருகிறது,
கொஞ்சம் விலகிப் போகிறது.
"என்ன வேகத்தில்?"
உன் லாரி இந்த ஏற்றத்தில்
மூன்றாம் கியரில் முனகும் வேகத்தில்.

அவன் சிரிக்கவில்லை.
கிளட்ச் தேய்ந்த வண்டி ஓட்டுகிறவனுக்கு
இழுபடுவது என்றால் என்னவென்று தெரியும்.
"எதை இழுக்கிறது?"
எதால் இழுபடுகிறது என்று கேள்.

சுற்றிவர அதற்குப் பதினோரு வருடம்.
நான் வேலையில் சேர்ந்த அன்று எங்கே இருந்ததோ
அங்கேயே மறுபடி வந்திருக்கிறது;
நடுவில் எனக்கு ஒரு கல்யாணம் வந்து போனது.
யாரும் அதைப் பார்த்ததில்லை. நானும்தான்.
வெளிச்சத்தில் ஒரு மயிரிழை நகரும் கோடு,
அவ்வளவுதான் அதன் விலாசம்.

"மண் எப்படி அங்கே?"
மண்ணே இல்லை. மேகத்துக்குக் கீழே மேகம்,
அதற்கும் கீழே
இன்னும் இறுகிய மேகம்.
"அப்போ லாரியை எங்கே நிறுத்துவது?"

ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

காலி லாரி துள்ளித் துள்ளி இறங்கியது.
வளைவுக்கு வளைவு அதன் பின்விளக்கு
சிவந்து, மறைந்து, சிவந்து.
இருட்டக் காத்திருந்து கூரையைத் திறந்தேன்.
தொட்டிக்குள் தண்ணீர்
இன்னும் ஆடி அடங்கவில்லை.