ஆயிரத்து இருபத்திரண்டு

ஜூலை மாதம். பாரிலோசேயில் நடுக்குளிர்காலம்.
காலையிலிருந்து நூற்றுப் பதினேழு வீடுகள்.
எரிவாயு மீட்டர் கண்ணாடியில் படிந்த உறைபனியைக்
கட்டைவிரலால் தேய்த்து
எண்ணை எழுதிக்கொள்வேன்.
நாய்களுக்கு என்னை நன்றாகத் தெரியும்.
மனிதர்களுக்கு, திரைச்சீலை அசையும் அளவுக்கு.

எண்களுக்கு வாய் நீளம்.
குழந்தை பிறந்த வீடு
ஒரே மாதத்தில் இரட்டிப்பாய் எரிக்கும்.
ஏரியோரத் தெருவின் கடைசி வீட்டில்
இன்று எண் பாதியாகியிருந்தது,
வாசலில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்.
நான் கேட்கவில்லை.
கேட்பது என் வேலையும் இல்லை.

வியாழக்கிழமை மட்டும் மிர்த்தாவின் ப்ரூவரி.
முன்பு டயர் ஒட்டும் கடை;
இப்போது பழைய எண்ணெய்க் கறையின் மேல்
மால்ட் வேகும் ஆவி.
பலகையில் நான்கு குழி, நான்கு சின்னக் கிளாஸ்:
ஒன்று வைக்கோல் நிறம்,
ஒன்று செம்பு,
காட்டுப் பழம் போட்டது, விழுந்து கன்றிய முழங்காலின் நிறம்.
கடைசிக் கிளாஸ்
விளக்கணைத்த அறை.

'பம்பளிமாஸ், பைன் பிசின், வெட்டிய புல்'
என்று கரும்பலகை சொல்கிறது.
பக்கத்து ஸ்டூலில் பல்மருத்துவர் எபரார்தோ
ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடி
நோட்டில் மார்க் போடுகிறார்.
உனக்கென்ன தெரிகிறது, துலியோ?
முதலாவதில்
பள்ளிக்கூட ஜன்னல் கம்பியை நக்கிய ருசி.
இரண்டாவது, கருக ஒரு நொடி இருக்கையில் எடுத்த ரொட்டி.
மூன்றாவது புளிப்பு:
பாக்கி கேட்டு வந்தவரைப் பார்த்துச்
சிரித்துவைப்போமே, அந்தச் சிரிப்பு.
மார்க் போட எனக்குத் தெரியாது என்றேன்.
அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

"எண் படிக்கிறவன்தானே நீ, இங்கே வா."
மிர்த்தாவின் மூக்குக் கண்ணாடி
காலையில் மால்ட் கஞ்சிக்குள் விழுந்துவிட்டதாம்.
இன்னும் வெந்துகொண்டிருக்கிறது.
உயரக் குழாயில் கலங்கிய பீர்,
அதில் ஒரு கண்ணாடிக் குச்சி மிதக்கிறது.
ஈஸ்ட் தின்னத் தின்னச் சர்க்கரை குறையும்,
குச்சி முங்கும்.
எவ்வளவு எரிந்தது, எவ்வளவு மிச்சம்.
என் தொழில்தான், வேறு கண்ணாடியில்.

ஆயிரத்து இருபத்திரண்டு, என்றேன்.
"நேற்றும் அதே. முந்தாநாளும் அதே."
அப்படியென்றால் முடிந்துவிட்டது.
"முடியவில்லை, நின்றிருக்கிறது.
ராத்திரி ஹீட்டர் அணைந்துவிட்டது,
ஈஸ்ட் அடியில் போய்ச் சுருண்டு படுத்துவிட்டது.
முடிந்ததும் நின்றதும்
வெளியிலிருந்து பார்த்தால் ஒரே எண்தான்."
என்ன செய்வாய்?
"இரண்டு டிகிரி ஏற்றுவேன்.
தொட்டியை லேசாக உலுக்குவேன்.
அப்புறம் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்."

திரும்பி வந்தபோது நான்காவது கிளாஸ்
அறையின் சூட்டுக்கு வந்திருந்தது.
முதல் வாயில் வெறும் கரி என்று தள்ளிவைத்தது.
இப்போது
எல்வீராவின் பச்சைக் கோட்டுப் பையில்
உருகி, உறைந்து, மறுபடி உருகிய சாக்லேட்.
எபரார்தோ பென்சிலோடு என்னைப் பார்த்தார்.
கரி, என்றேன்.

என் வீட்டு மீட்டரையும் நானேதான் படிக்கிறேன்.
அதே கட்டைவிரல், அதே பேனா.
மே மாதத்திலிருந்து பாதி.
ஊரெல்லாம் எழுதுகிற வேகத்திலேயே
அதையும் எழுதிவிட்டு
அடுத்த வாசலுக்குப் போயிருக்கிறேன்.

இன்றிரவு பின்னறைக் கதவைத் திறந்தேன்.
ஹீட்டர் மூன்று முறை முரண்டு பிடித்து
நான்காவதில் நீலமாய்ப் பற்றியது.
கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினேன்,
எதற்கென்று கேட்டால் தெரியாது.
உட்கார்ந்தேன்.
கைக்குக் கிடைத்த பேப்பர் போன வாரத்தது.
படித்தேன்.