ஒன்று புள்ளி இரண்டு

ஒரு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம்.
எடை ஒன்றேகால் கிலோ.
சேரன்மகாதேவி கூட்டுறவு வங்கியில்
என் நாலு பவுன் சங்கிலியை வைத்தபோது
தராசு லேசாக ஒருமுறை தலையாட்டியது.
மீதிக்குத் தவணை, முப்பத்தாறு மாதம்.

“இந்தக் காசுக்கு ஒரு பழைய ஆட்டோ வரும், ஏட்டி.
ராத்திரியும் ஓடும்” என்றார் வீட்டுக்காரர்.
இதுவும் ராத்திரியில் ஓடும் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

பாளையங்கோட்டை வெலிங்டன் அண்ணாச்சிக்குப்
பதினோரு வருசமாக ஒரே லென்ஸ்,
கேமராப் பெட்டியோடு சும்மா வந்தது.
அதை வைத்தே மகளைப் பல் டாக்டருக்குப் படிக்கவைத்துவிட்டார்.
“ஆல்பத்துல தன் மூஞ்சி இருக்கான்னுதாம்மா பாப்பான்.
பின்னால மங்கலா, தெளிவான்னு எவன் பாக்கான்?”
அவர் சொன்னதில் தப்பில்லை.
தையிலிருந்து இருபத்துமூன்று கல்யாணம்,
லென்ஸ் என்ன என்று ஒருத்தர் கேட்கவில்லை.
டிரோன் உண்டா என்று கேட்டார்கள்.

சாரல் மாதத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்கும்.
மேலப்பாளையம் செருப்புக்கடையில்
தூக்கிப்போடும் சிலிக்காப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி
முறுக்கு டின்னில் போட்டு
அதற்குள் வைத்து மூடுகிறேன்.
ஆனி ஆடியில் எங்கள் வீட்டில்
நனையாமல் இருப்பது அது ஒன்றுதான்.

ஆனி இருபத்தாறு, விடியக்காலம் நாலரை.
கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் மேடைக்கு மட்டும் என்று
மண்டபத்துக்காரர் கையை விரித்துவிட்டார்.
மாடி அறையில் ஒரு எமர்ஜென்சி விளக்கு,
அதன் முன்னால் பக்கவாட்டில் செண்பகவடிவு,
மருந்துக்கடையில் பில் போடுகிறவள்,
இன்று மட்டும் பில் போடாத விரல்களில் மருதாணி.

முதல் படத்தை நாலில் வைத்து எடுத்தேன்.
பெரிதாக்கிப் பார்த்தால்
பூனைமயிர், வியர்வை, பவுடர் திட்டு,
பிடரியில் அட்டிகையின் கொக்கி.
கொக்கியில் முலாம் தேய்ந்து
செம்பு எட்டிப் பார்த்தது.
வேறு லென்ஸ் என்றால் அது இருட்டோடு போயிருக்கும்.
போட்ட காசுக்கு இது காட்டிக் கொடுத்தது.

மாப்பிள்ளையின் அத்தைமார் மூன்று பேர்.
நாளைக்கே இரண்டு விரலால்
விரித்து விரித்துப் பார்ப்பார்கள்.
அழித்தேன்.

திறப்பை முழுசாகத் திறந்தேன். ஒன்று புள்ளி இரண்டு.
அங்கே தெளிவு என்பது
ஒரு வெற்றிலைக் காம்பின் கனம்:
இமை இருக்கும், காதுமடல் இருக்காது.
பிடரியில் இருந்த செம்பும் பொன்னும்
உருகி ஒரே வெளிச்சமாகிவிட்டன.
கடைக்காரன் தெளிவைச் சொல்லித்தான் விற்றான்.
விலை முழுக்க
இந்த மங்கலுக்குத்தான் போலிருக்கிறது.

அவள் கேமராவை வாங்கிப் பார்த்தாள்.
கண்ணைப் பார்க்கவில்லை;
நேரே பிடரிக்குப் போய்
பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
ஒன்றும் தெரியாததைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.
பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.

“செயின் எங்க எடுத்ததுக்கா?”
“ஜங்ஷன்ல.”
“பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லயா?”
“ஆமா.”
“அங்கதான். ஆறு மாசம் கேரண்டின்னு சொல்லுதான்.”

கீழே நாதஸ்வரம் சீவாளியைச் சரிபார்த்தது.
இருவரும் சிரித்து முடிக்குமுன்
கரண்ட் வந்து
அறை முழுக்க வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது.
அந்த வெளிச்சத்தில் எந்த லென்ஸும் ஒன்றுதான்.

அந்தப் படம் ஆல்பத்தில் ஏறவில்லை.
“நகை சரியா விழலையே” என்று
அவள் அப்பாவே தள்ளிவைத்தார்.
போட்டதை எடுத்தாச்சா என்று
அடுத்த மண்டபத்தில் வெலிங்டன் அண்ணாச்சி கேட்டார்.
ஒன்று எடுத்தேன் அண்ணாச்சி என்றேன்.
ஐந்தாம் தேதி வருகிற வங்கிக்காரரிடம்
அப்படிச் சொல்ல முடியாது.