யாரும் பிடிக்காத பிரேக்

மூன்றாவது மாடிக்கு நான் ஏறும்போது
மூன்று கிலோ பேட்டரியும் கூட ஏறுகிறது.
கீழே பொது பிளக்கில் சார்ஜ் போடக் கூடாதென்று
சங்கத்தில் தீர்மானம்.
லிஃப்டிலும் கொண்டுபோகக் கூடாது,
வெடிக்கும் என்கிறார் செயலாளர் கனகசபாபதி.
அவர் சட்டைப்பைச் செல்போனுக்குள்ளும்
இதே சரக்குதான் என்று நான் சொல்லவில்லை.
வாடகை வீடு.

ஒருமுறை சார்ஜ் போட்டால்
நாற்பது கிலோமீட்டர் என்றது வாங்கும்போது தந்த காகிதம்.
கைவேலி சந்திப்பும் எதிர்க்காற்றும்
டிபன் டப்பாவும் இல்லாத ஏதோ ஊரில்
ஒல்லியான ஒருவர் ஓட்டிப் பார்த்திருப்பார்.
எனக்கு இருபத்தாறு வந்தது.
அடுத்த கோடையில் இருபத்தொன்று.
இந்த ஐப்பசியில்
பதினான்கிலேயே கடைசிக் கட்டம் சிமிட்டுகிறது.

அது போதாதென்று
விஜயநகர் மேம்பாலத்தில், பாதி ஏற்றத்தில்,
மோட்டார் கைவிடும்.
இருபத்தைந்து கிலோ இரும்பை
பெடலில் மிதித்து நான் மூச்சு வாங்க
பின்னால் தண்ணீர் லாரி
ஹாரனிலேயே என் குடும்பத்தை விசாரிக்கும்.
பாலம் இறங்கியதும்
ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

தரமணியில், கைடு போடும் கம்பெனியில்
மெய்ப்புத் திருத்துகிறேன்.
வாரத்தில் ஆறு நாள் ஒற்றுப்பிழை,
ஞாயிற்றுக்கிழமை ஒயர்.
மல்டிமீட்டர் வாங்கினேன்.
சும்மா நிற்கும்போது நாற்பத்தொரு வோல்ட்,
ஏற்றத்தில் முப்பத்திரண்டு.
மனிதர்களும் அப்படித்தான் என்று
ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.
அறுநூற்றைம்பது ரூபாய்க்குத் த்ராட்டில் மாற்றினேன்.
ஒவ்வொரு கனெக்டராகப் பிடுங்கி,
பல்துலக்கும் பிரஷ்ஷால் பச்சைக் களிம்பு தேய்த்தேன்.
மேம்பாலம் அசரவில்லை.

ஒரு சாயங்காலம், தூறல்.
பாலத்தின் ஓரச்சுவரில் சாய்த்துவைத்து,
ஆத்திரத்தில்தான்,
இடது பிரேக்கின் மெல்லிய ஒயரைப் பிடுங்கினேன்.
த்ராட்டிலைத் தொட்டதும் சக்கரம் உறுமியது.

லீவரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.
மழைநீர் புகுந்து துரு.
கைவிட்டாலும் அது முழுதாகத் திரும்பவில்லை,
ஒரு நெல் அகலம் பாக்கி.
கிளிக் என்று காதில் விழாத அந்த இடைவெளியில்
நான் நிறுத்தச் சொல்கிறேன் என்று
கன்ட்ரோலர் நம்பியிருக்கிறது.
இரண்டு மாதமாகக் கீழ்ப்படிந்துகொண்டிருந்ததைத்தான்
நான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங் பன்னிரண்டு ரூபாய்.

பேட்டரிக்கு ரிச்சி தெரு, மாடிப்படிக்கு அடியில் நிலோஃபர்.
வாயில் திருப்புளி, மடியில் என் பேட்டரி,
நாற்பது செல்லும் நீலச் சட்டையில், பத்து வரிசை.
"ஏழாவது லைன் படுத்துக்கிச்சுக்கா.
மத்த ஒம்போதும் தெம்பாத்தான் இருக்கு.
இது ஒண்ணுக்காக எல்லாமே சீக்கிரம் கடையச் சாத்துது."
நாலே நாலு மாற்றக்கூடாதா என்றேன்.
"புதுசையும் பழசையும் சேத்துக் கட்டினா
புதுசும் கெட்டுப்போவும்."
நாற்பத்தெட்டு வோல்ட் போட்டால் பறக்கும் என்றாள்.
எங்கே பறப்பது,
முன்னால் நிற்பது மாநகரப் பேருந்து.
அதே முப்பத்தாறு, வரிசைக்கு ஐந்து செல் என்று பேசி
பதினாலாயிரத்தில் முடித்தோம்.
பழைய முப்பத்தாறும் பையில் வந்தன.

புயல் கரையேறிய இரவில் கரண்ட் இல்லை, லிஃப்ட் இல்லை.
அந்த முப்பத்தாறில் நான் கட்டிய சின்னப் பெட்டியில்
ஒரு விளக்கு, மூன்று செல்போன்.
அதில் ஒன்று கனகசபாபதியுடையது.
விடிந்ததும் வந்து வாங்கிக்கொண்டார்.
தீர்மானம் தீர்மானமாகவே இருக்கிறது.

இப்போது ஏறுவது மூன்றே முக்கால் கிலோ.
மேம்பாலம் ஒரே மூச்சில் முடிகிறது,
வீடு வந்தும் இரண்டு கட்டம் மீதி.
இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும்
பாதி ஏற்றம் வந்ததும்
லீவரை ஒரு நெல் அகலம்
வெளியே தள்ளிப் பார்த்துக்கொள்கின்றன.